பற்றுக்கோல்

கோல் என்னும் சிறு சொல் தமிழ் வழக்கிற் பல பெருமைகளைத் தாங்கி நிற்பது. அரசன் கையில் அது செங்கோல். புலவன் கையில் எழுதுகோல். வணிகன் கடையில் துலாக்கோல். மூத்தோர் கையில் ஊன்றுகோல். இவற்றினின்றும் வேறாக, ஆடல் பயில்வோர் கைபற்றி நிற்கும் கோல் ஒன்று உண்டு. அஃது உடலின் பாரத்தைத் தாங்குவதன்று. நிலைதவறாது நிற்பதற்கு மட்டும் துணைசெய்வது. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் ஆடரங்குக்கும் உரிய தொழில்முறை ஆடுநர் மாத்திரமே நெடுங்காலம் அக்கோலைப் பற்றி நின்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பெண்மணி அதனைப் பொதுமக்கள் கையிற் கொடுத்தார். இன்று உலகின் பல நகரங்களில் தாதியரும் ஆசிரியைகளும் எழுதுவினைஞரும் இல்லத்தரசியரும் வாரந்தோறும் அக்கோலைத் தேடிச் செல்கின்றனர். உடல் நலத்துக்காகக் கடமையென்று செல்லத் தொடங்கியோர், சில கிழமைகளுள் அதன்மேற் காதல் கொண்டு செல்வோராகின்றனர். அந்தப் பற்று எவ்வாறு பிறந்தது, அதற்கும் இலங்கையின் கீழைக்கரையிலுள்ள பொத்துவில் போன்ற ஊர்களுக்கும் உள்ள உறவு யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தெற்கு நோக்கி வரும் ஊர்களின் வரிசையிற் பொத்துவில் தென்பால் அமைந்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் சூழ்ந்த ஊர். 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. எனவே மட்டக்களப்பு நாட்டின் பேச்சும் பாட்டும் ஆட்டமும் இங்கும் உரிமையுடையன. இவ்வூர்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பேணிவந்த கலைகளுட் பொல்லடி சிறப்பானது. பொல்லு என்பது இப்பகுதி வழக்கில் கம்பினைக் குறிக்கும். களிகம்பு என்பதும் இந்த ஆட்டத்துக்கு வழங்கும் பெயரே.

கலியாண வீட்டிலும், சுன்னத்துக் கலியாணத்திலும், ஊருக்கு வரும் பெரியோரை எதிர்கொண்டு அழைக்கும் வேளையிலும் பொல்லடி நிகழும். இளைஞர் வட்டமாக நிற்பர். அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுப்பார். பாட்டின் தாளத்துக்கு இசையக் கம்புகள் ஒன்றோடொன்று மோதும். முதலில் மெல்ல நடந்தும், பின்னர் குனிந்தும், குந்தி எழுந்தும், சுழன்று திரும்பியும் ஆடுவோர் தம் கம்பினை அடுத்தவர் கம்பிற் பொருத்தி அடிப்பர். தாளம் விரைய விரைய ஆட்டமும் விரையும். ஒருவர் ஒரு கணம் பிந்தினால் வட்டம் முழுவதும் குலையும். மலையாளக் கரையில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஆடும் கோல்களியும், தமிழ்நாட்டுக் கோலாட்டமும், குஜராத்து நாட்டின் தாண்டியா ஆட்டமும் இதன் உறவினங்கள்.

பொல்லடியை உடற்பயிற்சி என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும் அதிற் குந்தி எழும்போது தொடைத் தசைகள் வேலை செய்கின்றன. சுழன்று திரும்பும்போது இடுப்பும் முதுகும் வளைகின்றன. கம்பினை ஓங்கும்போது தோள்கள் உரம் பெறுகின்றன. பாடிக்கொண்டே ஆடுவதால் மூச்சு நீள்கிறது. பாடசாலைத் தேகாப்பியாச வேளையில் இவ்வசைவுகளையே எண்ணிக்கை சொல்லிச் செய்யுமாறு கட்டளையிட்டால், மாணவர் மணி எப்போது அடிக்கும் என்று காத்து நிற்பர். பாட்டும் வட்டமும் கம்பும் சேர்ந்தவுடன் அதே இளைஞர் நள்ளிரவு வரை களைப்பறியாது ஆடுவர். உடல் உழைப்பு ஒன்றே. மனம் கொள்ளும் நிலை வேறு. இந்த வேற்றுமையே இவ்வுரையின் நாடியாகும்.

இனி, பொல்லடி ஆடவர்க்குரிய ஆட்டம். சிலம்படி, சீனடி என்னும் தற்காப்புக் கலைகளும் ஆடவரையே சார்ந்தன. இவ்வூர்ப் பெண்கள் கலியாண வீட்டில் குரவையிட்டு மகிழ்ச்சியைத் தெரிவிப்பர், ஆடுகளத்தில் இறங்குவதில்லை. ஆயினும் அவர்களிடமும் ஒரு கோல் இருந்தது. அது உலக்கை. உரலின் இருபுறமும் இருவர் நின்று, ஒருவர் உலக்கை மேலெழும்போது மற்றவர் உலக்கை கீழிறங்குமாறு மாறி மாறி நெல் குற்றுவர். உம்மாவும் மகளும், மாமியும் மருமகளும், அயல்வீட்டாரும் கூடிச் செய்த வேலை அது. தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும். அத்தாளத்தைக் காப்பதற்கே தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உலக்கைப் பாட்டுகள் எழுந்தன. பழைய இலக்கியம் அவற்றை வள்ளைப்பாட்டு என்று போற்றியது.

அரிசி ஆலை வந்தது. உலக்கை மூலையிற் சாய்ந்தது. நீர்க்குழாய் வந்தது, கிணற்றுக் கயிறு ஓய்ந்தது. இதனால் எவரும் வருந்த வேண்டியதில்லை. உலக்கைப் பிடியில் தோல் உரிந்த கைகளுக்கு ஓய்வு நியாயமானதே. ஆனால் ஒன்று மறக்கப்பட்டது. உழைப்பு நீங்கியபோது உடலுக்குக் கிடைத்த பயிற்சியும் அயலவரோடு கூடிய வேளையும் உடன் நீங்கின; அவற்றின் இடத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை. ஆடவர்க்கு விளையாட்டுத் திடலும் கடற்கரையும் உண்டு. பெண்களுக்கு வீட்டு வாயிலோடு நடை முடிந்துவிடுகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூட்டு வலியும் இன்று நாடெங்கும் வீடுதோறும் அறியப்பட்ட பெயர்களாகிவிட்டன. ஆதலின், பெண்கள் தம்முள் கூடி, மூடிய அறையில், தாளத்தோடு செய்யத்தக்க பயிற்சி ஒன்று உலகில் உண்டா என்பது ஆராய்ச்சிக்கு மாத்திரம் உரிய வினாவன்று. அது நலவாழ்வைப் பற்றிய வினாவாகும். அதற்கு விடையான கோலின் வரலாற்றை இனிக் காண்போம்.

அவ்வரலாறு ஐரோப்பாவில் மட்டும் தொடங்கியதன்று. சிலப்பதிகாரத்து மாதவி 5 வயதிற் பயிற்சி தொடங்கி, 7 ஆண்டுகள் பயின்று, 12 வயதிற் சோழ மன்னன் அவையில் ஆடித் தலைக்கோல் என்னும் சிறப்பினைப் பெற்றாள் என்பதைத் தமிழறிந்தோர் அறிவர். பிற்காலத்துத் தமிழ்நாட்டில் ஆடல் கற்கத் தொடங்கும் சிறுமி, குறுக்காகப் பிடித்த ஒரு கோலைக் கையாற் பற்றிக்கொண்டு முதற் காலடிகளைப் பயின்றாள். அதற்குத் தண்டியம் பிடித்தல் என்பது பெயர். எதிரே நட்டுவனார் தட்டுக்கழியால் தாளம் தட்டுவார். முழங்காலை இருபுறமும் விரித்து மடக்கி நிற்கும் அரைமண்டி நிலையிற் சிறுமியின் கால்கள் நடுங்கும். அந்த நடுக்கம் தீரும்வரை கோல் துணைநிற்கும். தீர்ந்தபின் கோல் அகற்றப்படும். இலங்கையின் கண்டி நடனத்திலும் இதனையொத்த வழக்கம் உண்டு. தொடக்க மாணவர் குறுக்குக் கம்பினைப் பற்றிக் காலடி பயில்வர். அந்நடனத்தின் அடிப்படை நிலைக்குச் சிங்களத்தில் மண்டிய என்று பெயர். தமிழின் மண்டியும் சிங்களத்தின் மண்டியவும் ஒரு வேர்ச் சொற்களாகத் தோன்றுவதும், நிற்கும் நிலையும் ஒத்திருப்பதும் இத்தீவின் கலையுறவைக் காட்டுவன.

ஐரோப்பாவில் இக்கோலுக்கு ‘பார்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் குறுக்குச் சட்டத்தைக் குறிக்கும். பிரான்சு நாட்டு மன்னன் பதினான்காம் லூயி தானே நடனத்தில் வல்லவன். 1661ஆம் ஆண்டு அவன் பாரிசு நகரில் அரச நடனக் கழகம் ஒன்றை நிறுவினான். அவனுடைய ஆடலாசிரியர் பியேர் போஷாம் பாதங்களின் ஐந்து நிலைகளை வரையறுத்தார் என்பர். அரசவையில் விளையாட்டாகத் தொடங்கிய பலே நடனம் இலக்கணம் பெற்ற தொழிலாக மாறியது. இத்தாலியைச் சேர்ந்த கார்லோ பிளாசிஸ் 1820ஆம் ஆண்டு பலே நடன இலக்கணத்தை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலிற் கோலைப் பற்றிப் பயில்வதும், பின்னர் அதே அசைவுகளை அறையின் நடுவே பற்றின்றிச் செய்வதும் நிலைபெற்ற முறையாயின. இன்றும் உலகெங்கும் பலே வகுப்புகள் இம்முறையிலேயே நடைபெறுகின்றன.

அக்காலப் பயிற்சி எத்துணைக் கடுமையானது என்பதற்கு மரி தக்லியோனி என்னும் ஆடல் மகள் சான்று. 1822ஆம் ஆண்டு வியன்னா நகரில் அவள் முதன்முதல் மேடையேறுமுன், தந்தை பிலிப்போ தக்லியோனி அவளை ஆறு மாதம், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பயிற்றினார். ஒரு நிலையில் அசையாது நின்று நூறு வரை எண்ணுவது அப்பயிற்சியின் ஒரு பகுதி. பிற்காலத்தில் விரல் நுனியில் நின்று காற்றில் மிதப்பவள்போல ஆடி அவள் புகழெய்தினாள். அவையோர் கண்டது மிதப்பை மட்டுமே. அதன் பின்னே நின்ற கோலை அவர்கள் காணவில்லை.

தஞ்சைத் தண்டியமும் பாரிசு நகரத்துப் பாரும் ஒன்றையொன்று அறியாது வளர்ந்தவை. இரு மரபுகளையும் ஒருவரே தொட்ட அரிய நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. உருக்மிணிதேவி அருண்டேல், உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் பலே கற்றார். உன் நாட்டுக் கலையை நாடு என்று பாவ்லோவா அவருக்கு உணர்த்தினார். அதன்பின் அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1935ஆம் ஆண்டு மேடையேறி, 1936ஆம் ஆண்டு சென்னையிற் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். நற்குடிப் பெண்கள் ஆடலாகாது என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது. அவ்வெண்ணம் தளர்ந்தபோது ஆயிரக்கணக்கான வீடுகளின் சிறுமியர் அரைமண்டியில் அமர்ந்தனர். ஆயினும் அவர்கள் கற்றது மேடைக்காகவே. அரங்கேற்றம் முடிந்து, மணமாகி, குடும்பப் பொறுப்பு ஏற்றபின் பலருக்கு ஆடல் நினைவாகவே நின்றது. மேடையை நாடாத பெண்ணுக்கும், இளமை கடந்த பெண்ணுக்கும் அக்கோல் எட்டாத பொருளாகவே இருந்தது.

அதனை எட்டும் பொருளாக்கியவர் லொட்டே பேர்க். அவர் 1913ஆம் ஆண்டு ஜேர்மனியின் கொலோன் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையிற் பியானோ இசை பயின்று, பின்னர் நடனத்துக்குத் திரும்பினார். ஏர்ணஸ்ட் பேர்க் என்னும் நடனக் கலைஞரை மணந்து அவரோடு மேடைகளில் ஆடினார். 1933ஆம் ஆண்டு இட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபின் யூதக் கலைஞருக்கு மேடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உயிரே கேள்விக்குரியதாயிற்று. 1938ஆம் ஆண்டு அவர் கணவரோடு இங்கிலாந்திற் குடியேறினார். அந்நிய மொழி வழங்கும் நாட்டில், பெயர் அறியப்படாத அகதி ஆடல்மகளுக்கு வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. ஓவியர்களுக்கு மாதிரியாக அமர்ந்தும் அவர் பொருளீட்ட வேண்டியிருந்தது.

நாற்பது வயது கடந்தபின் ஆடல்மகளை மேடை அழைப்பதில்லை. முதுகிற் பட்ட ஊறு ஒன்றும் அவரை வருத்திற்று என்பர். நாட்டை இழந்தவர், மேடையை இழந்தவர், உடலின் வலிமையையும் இழக்கும் நிலையில் நின்றார். எஞ்சியது அவர் பழகிய கோல் ஒன்றே. பலே நடனத்தின் கோற் பயிற்சியையும், ஊறுபட்ட உடலைத் தேற்றும் மருத்துவப் பயிற்சியையும் இணைத்து அவர் ஒரு புது முறை வகுத்தார். 1959ஆம் ஆண்டு, தம் 46ஆவது வயதில், இலண்டன் மாஞ்செஸ்ரர் வீதியிற் பெண்களுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடத்தைத் திறந்தார். அங்கு வந்தவர்கள் மேடையேற வந்தவர்களல்லர். எழுத்தாளர் எட்னா ஓபிரையன், நடிகை யோவான் கொலின்ஸ் போன்ற புகழ்பெற்றோரும் வந்தனர். பெயர் அறியப்படாத பெண்களும் வந்தனர். கோலின் முன் எல்லோரும் ஒருநிலையினரே.

லொட்டே பேர்க் மென்மையான ஆசிரியையாக இருக்கவில்லை. சோம்பலை அவர் பொறுப்பதில்லை. எனினும் அவருடைய வகுப்பிற் சிரிப்புக்குக் குறைவில்லை. தாம் வகுத்த அசைவுகளுக்கு அவர் வேடிக்கையான பெயர்களை இட்டார். அவற்றுட் சில அவையிற் சொல்லத்தகாதவை. கால்கள் நடுங்கும் வேளையிற் சிரிப்பு எழுமானால் நடுக்கம் பொறுக்கக்கூடியதாகும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். எண்பது வயது கடந்த பின்னும் அவர் கற்பித்தார். 2003ஆம் ஆண்டு, 90ஆவது வயதிற் காலமானார். அவருடைய மகள் எஸ்தர் பெயர்பாக்ஸ் தாயின் முறையைத் தொடர்ந்து கற்பித்தார்.

அமெரிக்கப் பெண்ணான லிடியா பாக் என்பவர் இலண்டனில் இம்முறையைக் கற்று, அதன் உரிமையையும் பெற்று, 1971ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் லொட்டே பேர்க் பெயராலேயே ஒரு கூடம் திறந்தார். அக்கூடம் 2005ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆனால் அங்குப் பயிற்சி பெற்றோரும் கற்பித்தோரும் பிரிந்து சென்று தத்தம் கூடங்களை நிறுவினர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை கிளைத்துப் பெருகி, அமெரிக்காவிலிருந்து ஆசிய நகரங்கள் வரை பரவின. அவ்வகுப்புகளிற் கோலைப் பற்றி நிற்போருட் பலர் லொட்டே பேர்க் என்னும் பெயரைக் கேட்டும் அறியாதவர். முறை நிலைத்தது, முதல்வியின் பெயர் மங்கியது. அண்ணாவியார் பெயர் மறைந்து ஆட்டம் மட்டும் வாழ்வதைப் போன்றதே இதுவும்.

இவ்வகுப்பில் நிகழ்வது யாது? இடுப்பின் உயரத்துக்குச் சற்று மேலாகச் சுவரிற் பொருத்திய கோலின் அருகே பயில்வோர் நிற்பர். குதிகால்களைச் சேர்த்து, முன்பாதங்களை விரித்து, முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்குவர். இதனைப் பலே நடனத்தில் பிளியே என்பர். நம்மவர் அரைமண்டி என்பர். அந்நிலையில் ஓரங்குலம் இறங்கி ஓரங்குலம் ஏறுவர். பின்னர் அசையாது நிற்பர். பிறகு குதிகாலை உயர்த்தி அதனையே மீண்டும் செய்வர். வெளியிலிருந்து காண்பவருக்கு இதில் ஒரு வேலையும் நிகழ்வதாகத் தோன்றாது. சிறிது நேரத்தில் தொடைகள் நடுங்கத் தொடங்கும். தசை தன் நீளம் மாறாது இறுகி நிற்கும்போது அதன் இழைகள் களைப்புறுகின்றன. வேறு இழைகள் மாறி மாறிப் பொறுப்பை ஏற்கின்றன. அதனாலே இந்நடுக்கம் எழுகின்றது. அதன்பின் அத்தசையை நீட்டித் தளர்த்துவர். இறுதியில் தரையில் அமர்ந்தும் கிடந்தும் வயிற்றுக்கும் முதுகுக்கும் உரிய பயிற்சிகளைச் செய்வர். குதித்தலும் ஓடுதலும் பெரும்பாலும் இல்லை. ஆதலின் மூட்டுகளுக்கு அதிர்ச்சி குறைவு.

இதன்மேல் மக்கள் காதல் கொள்வது ஏன் என்பதற்கு விடை இவ்வமைப்பிலேயே உள்ளது. முதலாவது, கோல் அச்சத்தை நீக்குகின்றது. விழுந்துவிடுவோம் என்ற எண்ணம் இல்லாதபோது உடல் துணிகின்றது. இரண்டாவது, வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகின்றது. முதல் நாள் இருபது எண்ணுமுன் தளர்ந்தவள், சில கிழமைகளின் பின் அறுபது வரை நிற்கின்றாள். அந்த வேற்றுமையை அவளே அறிகின்றாள். மூன்றாவது, தாளமும் கூட்டமும் உண்டு. பக்கத்தில் நிற்பவளின் கால்களும் நடுங்குகின்றன என்பது பெரிய ஆறுதல். நான்காவது காரணமே முதன்மையானது. கோலின் அருகே நிற்கும்போது அவள் உடற்பயிற்சி செய்பவளாக மட்டும் தன்னை உணர்வதில்லை. ஒரு கலையின் வாயிலில் நிற்பவளாக உணர்கின்றாள். நிமிர்ந்த கழுத்தும் விரிந்த தோளும் நேரிய முதுகும் அவளுக்குக் கண்ணியம் தருகின்றன. பகலெல்லாம் அடுப்படியிலும் அலுவலகத்திலும் குனிந்திருந்தவள் ஒரு மணி நேரம் நிமிர்ந்து நிற்கின்றாள்.

இந்த உண்மையை வேறு சிலரும் கண்டனர். மேரி பகொட் ஸ்ராக் என்னும் பெண்மணி, இந்தியாவில் வாழ்ந்த காலத்தில் யோகப் பயிற்சியின் தொடர்பு பெற்றவர், 1930ஆம் ஆண்டு இலண்டனிற் பெண்களுக்கான உடல்நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இசையோடு கூட்டமாகச் செய்யும் அசைவுகளே அதன் உயிர். யோசேப் பிலாற்றிஸ் என்னும் ஜேர்மானியர், முதல் உலகப் போரில் இங்கிலாந்திலே தடுத்து வைக்கப்பட்டிருந்தபோது தம் பயிற்சி முறையை வளர்த்து, பின்னர் நியூயோர்க்கில் நடனக் கலைஞர்களுக்கு அதனைக் கற்பித்தார். சிறைப்பட்டவரும் நாடிழந்தவரும் இத்துறையில் வழிகாட்டிகளாயினர் என்பது சிந்தனைக்குரியது. உடைமை யாவும் பறிக்கப்பட்டபோதும் உடல் ஒன்று உரியதாக நிற்கின்றது. அதனைப் பேணுவதே அவர்களுக்கு உரிமைப் போராகவும் அமைந்தது.

ஆயினும் மிகைபடக் கூறுதல் தகாது. இப்பயிற்சி தசைகளை நீளமாக்கி ஆடல்மகளின் உருவத்தைத் தரும் என்று விளம்பரக்காரர் சொல்வதுண்டு. தசையின் நீளம் எலும்போடு அது பொருந்தும் இடங்களைப் பொறுத்தது. கோலைப் பற்றுவதால் அது மாறுவதில்லை. இதயத்துக்கும் மூச்சுக்கும் வேண்டிய பயிற்சியை விரைந்த நடை இதனினும் நன்கு தரும். வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கமும், அதனோடு இரண்டு நாளேனும் தசைகளை உரப்படுத்தும் பயிற்சியும் செய்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மூத்தோருக்கு நிலைதவறாது நிற்கும் பயிற்சியையும் அந்நிறுவனம் வற்புறுத்துகின்றது. கோற் பயிற்சி இவ்விரண்டாம், மூன்றாம் தேவைகளுக்கு நன்கு பொருந்தும். முதல் தேவைக்கு நடை துணையாக வேண்டும். கருவுற்றோரும், முழங்கால் நோயுடையோரும், இரத்த அழுத்தம் மிகுந்தோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் நன்று.

இனிப் பொத்துவிலின் வினாவுக்கு வருவோம். இலண்டனிலே லொட்டே பேர்க் பெண்களுக்கென்றே கூடம் அமைத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மேடையும் வேண்டா, பார்ப்போரும் வேண்டா, ஒப்பனையும் வேண்டா என்பது இப்பயிற்சியின் இயல்பு. மூடிய அறையிற் பெண்கள் பெண்களோடு கூடிச் செய்வதற்கு ஊர் மரபு எதுவும் தடையாகாது. பாடசாலை விட்டபின் ஒரு வகுப்பறையும் போதும். மாதர் சங்கத்தின் கூடமும் போதும். சுவரிற் கோல் பொருத்த இயலாதாயின் உறுதியான கதிரையின் முதுகும், சாளரத்தின் கீழ்க்கட்டையும் கோலாகும். பிறநாட்டு இசைத்தட்டுக்கும் தேவையில்லை. உலக்கைக்கும் கம்புக்கும் தாளம் தந்த பாட்டுகள் இக்கரையில் உண்டு. வேண்டுவது ஒன்றே: உடலின் அமைப்பறிந்து, பிழையான நிலையைத் திருத்தி, பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியை. தேகாப்பியாசப் பயிற்சி பெற்ற ஆசிரியைகளும் நடன ஆசிரியைகளும் நாட்டில் உள்ளனர். அவர்களுட் சிலரேனும் இப்பணியை ஏற்பாராயின், பேரனைத் தூக்க முடியாது முழங்காலைப் பிடித்து உட்காரும் உம்மம்மாவும், பத்து மணி நேரம் கைத்தறியின் முன் குனிந்திருக்கும் மருதமுனைப் பெண்ணும் பயன் பெறுவர்.

பொல்லடியையும் இவ்விடத்து மறத்தலாகாது. முன்னாளில் ஊர்தோறும் கேட்ட அந்தக் கம்பொலி இன்று அருகி வருகின்றது. விழா மேடையிற் பத்து நிமிடக் காட்சியாக அதனைச் சுருக்கிவிட்டால், அதன் உயிர் நிலைக்காது. மாலைதோறும் இளைஞர் கூடிப் பழகும் பயிற்சியாக அது வாழவேண்டும். ஆடவர்க்குப் பொல்லடியும் பெண்டிர்க்குக் கோற் பயிற்சியும் என ஊரொன்று தன் மாலைப் பொழுதை வகுத்துக்கொள்ளுமாயின், உடல் நலம் கட்டளையால் அன்றி விருப்பத்தால் வளரும்.

பற்று என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. கையாற் பிடித்தலும் பற்று. மனத்தால் விரும்புதலும் பற்று. தண்டியம் பிடித்த சிறுமிக்கும், நூறு எண்ணி நின்ற தக்லியோனிக்கும், நாடிழந்து வந்த லொட்டே பேர்க்குக்கும் முதலில் வாய்த்தது கையின் பற்று. அதிலிருந்து பிறந்தது மனத்தின் பற்று. வீட்டு வேலை முடிந்த ஒரு மாலையில், கதிரையின் முதுகைப் பற்றி, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மெல்ல மடக்கிப் பத்து எண்ணிப் பார்ப்பதற்குப் பொருட்செலவு யாதும் இல்லை. அடுத்த நாள் அது பன்னிரண்டாகும்.